திருஷ்டி கழிக்கும் கை

வடசென்னைக் காசிமேட்டில் புதுக் கடை திறந்தால் பூசணிக்காய் உடைத்ததோடு வேலை முடியாது. திருநங்கை ஒருவரைக் கூப்பிட்டுச் சுற்றிப்போடச் சொல்வார்கள். ராயபுரம், திருவொற்றியூர் என்று கடலோரமாக எண்ணூர் வரைக்கும் இந்த வழக்கத்தைப் பார்க்கலாம். அவர் எலுமிச்சம்பழத்தை வாசலில் சுற்றிவிட்டு, கைராசிக்காக ஒரு ரூபாய் நாணயத்தைக் கல்லாவில் வைப்பார். மாசியில் மயானக் கொள்ளைக்கு அங்காளம்மன் வேடம் கட்டுகிறவர்களிலும், ஆடியில் கூழ் ஊற்றும் தெருக்களில் கரகம் எடுப்பவர்களிலும் திருநங்கைகள் உண்டு. காலில் விழுந்து திருநீறு வாங்கிய தெருதான் அந்த ஆட்டத்தைக் கைப்பேசியில் பிடித்து, கேலிப் பாட்டு ஒட்டி, இருட்டுவதற்குள் ஊர் முழுக்க அனுப்பியும் வைக்கிறது.

போன ஆடியில் திருவொற்றியூரில் ஆடி முடித்திருந்த ஒரு திருநங்கையோடு பேசிக்கொண்டிருந்தேன். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. முகத்து மஞ்சளின் மேல் சாலைப் புழுதி படலமாக உட்கார்ந்திருந்தது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். வீடியோவுக்குக் கீழே எழுதுவதையெல்லாம் படிப்பீர்களா என்று கேட்டேன். “நான் பாக்க மாட்டண்ணா. போனு எங்கம்மா கைலதான் இருக்கும். அசிங்கமா எழுதனவன அது பிளாக் பண்ணிடும். நல்லதா நாலு இருந்தா படிச்சுக் காட்டும். அதுக்கப்புறந்தான் சோறு.” அம்மா என்று அவர் சொன்னது பெற்றவரை இல்லை, திருநங்கைகளின் ஜமாத் முறைப்படி அவரை மகளாக எடுத்துக்கொண்ட மூத்த திருநங்கையை. மிரட்டல்களை மட்டும் அந்த அம்மா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறாராம், எதற்கும் இருக்கட்டும் என்று.

வசவுகளுக்கு நடுவே ஒரு திருநங்கைக் கலைஞர் எப்படி மனம் தளராமல் இருக்கிறார் என்று எழுதப் புகுந்தால், பேச்சு பெரும்பாலும் தன்னம்பிக்கைப் பக்கம் சாய்ந்துவிடும். தமிழ்நாட்டில் திருநங்கைக் கலைஞர்களின் கதையைப் புரட்டினால் எனக்குக் கண்ணில் படுவது வேறு. பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதில்தான் எல்லாமே நின்றிருக்கிறது.

பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜை எடுத்துக்கொள்வோம். 2011இல் சங்கீத நாடக அகாதமி விருது, 2019இல் பத்மஸ்ரீ, 11ஆம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம் என்று அவர் பெற்றவற்றை எல்லாரும் சொல்வார்கள். மதுரையில் சிறு வயதிலிருந்தே கேலியையும் வீட்டு எதிர்ப்பையும் கூடவே தாங்கிய தோழி சக்தியைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளை நர்த்தகியைச் சீடராக ஏற்று ஆண்டுக்கணக்கில் கற்றுக்கொடுத்தார். ஒரு தோழியும் ஒரு வாத்தியாரும் இல்லாமல் அந்தப் பத்மஸ்ரீ வந்திருக்காது.

மேடை நாடகத்திலும் இப்படித்தான். அ. மங்கையின் நெறியாள்கையில் திருநங்கைகளே நடித்த கண்ணாடி கலைக்குழு 2000களில் சென்னையில் இயங்கியது. அ. ரேவதி 2004இல் ‘உணர்வும் உருவமும்’ நூலைக் கொண்டுவந்தார். பிறகு தன் வாழ்க்கையையே தனியாள் நாடகமாக ஆடிக் காட்டினார். 2014இல் லிவிங் ஸ்மைல் வித்யா, ஏஞ்சல் கிளாடி, ஜீ இமான் செம்மலர் மூவரும் பன்மை நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். இரண்டு திருநங்கைகள், ஒரு திருநம்பி. அவர்களுடைய ‘கலர் ஆஃப் டிரான்ஸ்’ சொந்த அனுபவங்களிலிருந்து எழுந்தது. தெருவில் கேட்ட வசவை அதைச் சொன்னவர்களின் முகத்துக்கு எதிரே நின்று, ஒத்திகை பார்த்த குரலில் திருப்பிச் சொல்லும்போது அரங்கில் முதலில் சிரிப்பு வரும், அடுத்து மௌனம். கைப்பேசித் திரையில் இது நடக்காது. அங்கே வசவுதான் கடைசி வரியாக நிற்கும். மேடையில் அதற்கு அடுத்த வரி கலைஞருடையது.

அந்த வசவுகள் எங்கிருந்து வந்தன? பாதிக்கு மேல் சினிமா கொடுத்தவை. வீடியோவுக்குக் கீழே எழுதுகிறவர்கள் புதிதாக எதையும் யோசிப்பதில்லை. நகைச்சுவைக் காட்சியில் கேட்டதையே ஒப்பிக்கிறார்கள். 2015இல் ‘ஐ’ படம் வந்தபோது அதன் ஒப்பனைக் கலைஞர் பாத்திரத்தைச் சித்திரித்த விதத்தை எதிர்த்துத் திருநங்கைகள் சென்னையில் போராடினார்கள். வித்யா இயக்குநர் ஷங்கருக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. வித்யாவின் தன்வரலாறான ‘நான் வித்யா’வைத் தழுவிய கன்னடப் படத்துக்காகச் சஞ்சாரி விஜய் சிறந்த நடிகருக்கான தேசிய விருது பெற்றார். 2019இல் ‘சூப்பர் டீலக்ஸ்’ வந்தது, அதில் திருநங்கை ஷில்பாவாக நடித்த விஜய் சேதுபதிக்கும் தேசிய விருது கிடைத்தது. இருவரும் நன்றாகவே நடித்தார்கள், அதில் குறை சொல்ல எனக்கொன்றும் இல்லை. ஆனால் வாழ்ந்தவருக்கு வசவு, நடித்தவருக்கு விருது என்ற பங்கீடு உறுத்துகிறது. ‘தர்மதுரை’யில் ஜீவா, ‘பேரன்பு’ படத்தில் அஞ்சலி அமீர் என்று திருநங்கைகளே திரையில் வந்த படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வடசென்னைக்கே திரும்புவோம். ராயபுரத்துக் கானா பாடகி இசைவாணி திருநங்கை அல்ல. ஆனாலும் அவருக்கு நேர்ந்தது இந்த வட்டாரத்துக் கலைஞர் எவருக்கும் பாடம். காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் பாடியவர், 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். சில ஆண்டுகளுக்கு முன் பாடிய ஐயப்பன் பாடல் ஒன்றை 2024 நவம்பரில் தோண்டியெடுத்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆபாசமும் மிரட்டலும் குவிந்தன. அவர் சார்பில் நீலம் பண்பாட்டு மையம் அறிக்கை விட்டது. பின்னால் ஓர் அமைப்பு இருந்தது, பேச ஆட்கள் இருந்தார்கள். கூழ் ஊற்றும் தெருவில் ஆடுகிறவருக்கு அந்த அம்மாவின் ஸ்கிரீன்ஷாட்தான் அமைப்பு.

அந்த ஸ்கிரீன்ஷாட்டுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. 2019ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்லாலும் மனத்தளவிலும் செய்யும் கொடுமையைக் குற்றமாக்குகிறது. தண்டனை ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டு வரை. பாலியல் கொடுமைக்கும் அதே இரண்டு ஆண்டுதான் உச்சம் என்பது இந்தச் சட்டத்தின் வெட்கக்கேடு. தமிழ்நாடு திருநங்கையர் நல வாரியம் பிறந்தது 2008 ஏப்ரல் 15. மூன்றாம் பாலினத்தை ஏற்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2014 ஏப்ரல் 15. ஆண்டுதோறும் அந்த நாளில் வாழ்த்துகள் வருகின்றன. புகார் கொடுக்கப் போகிற அன்று, கூட வர ஆள் வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டோடு, பதிவின் சுட்டியையும் தேதியையும் குறித்து வைத்துக்கொண்டால் வழக்குக்கு வலு என்று அந்த அம்மாவிடம் சொல்லியனுப்பினேன்.

2021 நவம்பரில் குடியரசுத் தலைவர் மாளிகையில் பத்மஸ்ரீ வாங்க நடந்து வந்த கர்நாடகத்துத் திருநங்கைக் கலைஞர் மஞ்சம்மா ஜோகதி, விருதைத் தொடுமுன் முந்தானையை விரித்துக் குடியரசுத் தலைவருக்கே திருஷ்டி கழித்தார். நாடெங்கும் அந்தக் காட்சியைக் கொண்டாடினார்கள். காசிமேட்டில் தினம் நடப்பதுதானே என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒரு வித்தியாசம்: மஞ்சம்மாவின் பெயர் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

எங்கள் பக்கத்து ஆடித் திருவிழா நோட்டீஸில் கவுன்சிலர் பெயர் இருக்கும், பந்தல்காரர் பெயர் இருக்கும், மேள செட்டும் சவுண்டு சர்வீஸும் கைப்பேசி எண்ணோடு இருக்கும். கரகம் எடுத்தவர் பெயர் இருக்காது. பெயரில்லாதவரைக் கிண்டல் செய்வது சுலபம். விழாக் கமிட்டிக்காரர்களே, அடுத்த ஆடிக்கு நோட்டீஸ் அடிக்கும்போது அவர் பெயரையும் போடுங்கள். சம்பளத்தை ஆட்டத்துக்கு முன்பே கையில் கொடுத்துவிடுங்கள்.