கோலிசிஸ்டெக்டமியை எங்கே பிரிப்பது?

கிரேக்க வேர்களால் கட்டிய நீண்ட மருத்துவச் சொற்களை இரண்டு வழிகளில் பிரிக்கிறார்கள். ஓசை பிரியும் இடத்தில் பிரிப்பது ஒன்று, வேர் பிரியும் இடத்தில் பிரிப்பது மற்றொன்று. எது மாணவருக்கு முதலில் வர வேண்டும்?

ஓசைவழியின் பலம் உண்மையானது. 'லஜி', 'டமி', 'ஸ்கோப்பி' என்று முடியும் சொற்களுக்கு ஆங்கிலத்தில் அழுத்தம் கடைசியிலிருந்து மூன்றாம் அசையில் விழும். எண்டோ, ஸ்கோப்பி என்று வேர் பார்த்து வாசிப்பவர் அந்த அழுத்தத்தைத் தவறவிடுவார். வாயில் அது எண்-டாஸ்-க-பி. நிமோனியாவின் தொடக்கத்தில் எழுத்தில் மட்டும் நிற்கும் 'ப்', ஆப்னியாவின் நடுவில் ஒலித்துவிடுகிறது. இதையெல்லாம் வேர் சொல்லித் தராது.

ஆனால் பித்தப்பைக்கு வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. கோலி பித்தம், சிஸ்ட் பை, எக் வெளியே, டமி வெட்டு. ஆக, கோலிசிஸ்டெக்டமி என்பது பித்தப்பையை வெட்டி எடுத்தல். ஓசைப்படி கோ-லி-சிஸ்-டெக்-ட-மி என்று உடைத்தால் பையும் சிதைகிறது, 'வெளியே' என்பதும் காணாமல் போகிறது. யாப்பில் இதை வகையுளி என்போம். செய்யுளில் சீருக்காக அறுத்த சொல்லைத் தமிழ் தெரிந்தவர் மனத்தில் ஒட்டிக்கொள்வார். கிரேக்கம் அறியாத மாணவருக்கு அந்த வசதி இல்லை.

அடுத்த சொல் கோலிசிஸ்டாஸ்டமி. இதன் முடிவும் காதுக்கு 'டமி'தான். ஆனால் இங்கே உள்ளது வெட்டைக் குறிக்கும் வேர் அன்று. வாய் என்று பொருள்படும் ஸ்டோமா. பித்தப்பையை அகற்றாமல், அதில் வழி திறந்து குழாய் வைத்து வடியவிடும் சிகிச்சை இது. ஒன்றில் உறுப்பு போகிறது, மற்றதில் இருக்கிறது. ஓசைப் பிரிப்பு இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

பழைய கிரேக்க ஒலிப்பே சரி என்று வாதிடுவோரை நான் ஏற்கவில்லை. இந்த மருத்துவச் சொற்களில் பல, 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் கிரேக்க வேர்களைக் கோத்துச் செய்தவை. பண்டைக் கிரேக்கர் நாவில் வந்தவையே அல்ல.

ஆகவே வேர்ப்பிரிப்பே முதலில் வர வேண்டும், ஓசைப்பிரிப்பு அதன் மேல் ஏற வேண்டும். தவறிய அழுத்தம் வார்டில் நாலு பேர் பேசக் கேட்டாலே திருந்திவிடும். தவறாகப் புரிந்த வேர் யார் காதிலும் விழாது. திருத்தவும் ஆள் இருக்காது. பாடநூல்கள் ஒலிப்புக் குறிக்கு முன்னால் வேர்களைப் பிரித்து அச்சிடட்டும். வெட்டி எடுக்கும் எக்டமி, வழி திறந்து வைக்கும் ஆஸ்டமி, வெட்டித் திறப்பதை மட்டும் குறிக்கும் ஆட்டமி மூன்றையும் வெவ்வேறு அதிகாரங்களில் சிதறவிடாமல் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வைக்கட்டும்.