பாதையில்லாக் கோள்களில் வண்டி ஓட்டுதல்

மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு டிரைவரின் திறமை ஏற்றத்தில் தெரியாது, இறக்கத்தில்தான் தெரியும். லெம்பா பெர்த்தாமின் காய்கறித் தோட்டங்களிலும் சுற்றியிருக்கும் தேயிலை மலைகளிலும் செம்மண் தடங்கள் செங்குத்தாக இறங்குகின்றன. மழை விட்ட சாயங்காலம் பழைய லேண்ட்ரோவர் ஒன்று முட்டைக்கோஸ் கூடைகளோடு அப்படி ஒரு தடத்தில் இறங்குவதைப் பாருங்கள். கைதேர்ந்த டிரைவர் சரிவின் விளிம்பிலேயே வண்டியை நிறுத்தி, சிவப்புக் குமிழ் வைத்த லீவரைப் பின்னால் இழுத்து லோ கியருக்கு மாற்றிவிடுவார். அதற்குப் பிறகு அவர் கால் கிளட்ச் பக்கமும் போகாது, பிரேக் பக்கமும் போகாது. இன்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கும். பயந்துபோய் பிரேக்கை மிதித்தால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது.

இந்த மலையில் வளர்ந்த கண்ணோடுதான் விண்வெளி விளையாட்டுகளில் வேற்றுக் கோள்களின் மேல் ஓடும் வண்டிகளை நான் ரசிக்கிறேன். அந்த விளையாட்டுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கப்பல்களைத்தான் பேசுவார்கள். எனக்குத் தரைதான் பெரிது. வானத்தில் இரண்டு சூரியன்களை வரைவது ஓவியரின் வேலை. சக்கரம் தொடும் மண்ணுக்கு ஒரு குணம் கொடுப்பது அதைவிடக் கடினமான கலை. பார்க்கிறவருக்கு அது தெரியாது, ஓட்டுகிறவரின் விரலுக்குத்தான் தெரியும்.

அந்தக் கலை உச்சம் தொட்ட இடம் என்று நான் சொல்வது ‘எலீட் டேஞ்சரஸ்’. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃபிரண்டியர் நிறுவனத்தின் ஆட்டம். 1984இல் டேவிட் பிராபனும் இயன் பெல்லும் பிபிசி மைக்ரோ கணினிக்காக எழுதிய ‘எலீட்’டின் வாரிசாக 2014 டிசம்பரில் வெளிவந்தது. ஓராண்டு கழித்து, 2015 டிசம்பரில், ‘ஹொரைசன்ஸ்’ என்ற விரிவாக்கம் கோள்களில் இறங்க வழி திறந்தது. கப்பலின் வயிற்றிலிருந்து ஆறு சக்கர வண்டி ஒன்று தரைக்கு வந்தது. அதற்கு ஸ்காரப் என்று பெயர். சாலை கிடையாது, தடம் கிடையாது, போட்டியும் கிடையாது. காற்றில்லாத ஒரு கோள், தலைக்கு மேல் கறுத்த வானம், கண்ணாடிக் கூண்டுக்குள் நீங்கள். அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கோளுக்கு எடை உண்டு. ஈர்ப்பு ஒவ்வொரு கோளுக்கும் வேறு, வண்டியின் குணமும் அதோடு மாறும். இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்கு வேண்டும். ஈர்ப்பு குறைந்தால் வண்டியின் எடை குறைகிறது, நிறை குறைவதில்லை. தரையைச் சக்கரம் பற்றிக்கொள்ளும் பிடி எடையைப் பொறுத்தது, ஓடுகிற வண்டியின் உந்தமோ நிறையைப் பொறுத்தது. நிலாவில் ஈர்ப்பு பூமியில் ஆறில் ஒன்று. மண்ணும் டயரும் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், இங்கே 40 கிலோமீட்டர் வேகத்தில் எடுக்கக்கூடிய வளைவை அங்கே 16 கிலோமீட்டருக்கு மேல் எடுக்க முடியாது. பிரேக் போட்டால் ஆறு மடங்கு தூரம் தள்ளித்தான் நிற்கும். எடை குறைந்தால் ஓட்டுவது சுலபம் என்று நினைத்து இறங்குகிறவர்கள் முதல் மேட்டிலேயே தலைகீழாகக் கிடப்பது இதனால்தான்.

இன்னும் சிறிய ஒரு துணைக்கோள். பூமியின் ஈர்ப்பில் இருபதில் ஒரு பங்கு. வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போய், பத்து டிகிரி சரிவுள்ள ஒரு மேட்டைத் தாண்டுகிறீர்கள். பூமியில் முக்கால் வினாடிகூட ஆவதற்குள் சக்கரம் மண்ணில் இருக்கும். இங்கே சுமார் 14 வினாடி நீங்கள் அந்தரத்தில் இருப்பீர்கள், ஏறக்குறைய 275 மீட்டர் பறந்திருப்பீர்கள். அந்தப் 14 வினாடிதான் இந்த விளையாட்டின் ரத்தினம். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் போகும் திசை மாறாது, வண்டியின் உடல் மட்டும் சாயும். எதிரில் வரும் சரிவு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே கணித்து, வண்டியின் வயிற்றை அந்தச் சரிவுக்கு இணையாகத் திருப்பி வைக்க வேண்டும். தொடுவதற்குச் சற்று முன்னால், விழும் வேகம் தணிய, மேல்நோக்கிய உந்துவிசையை ஒரு சிட்டிகை கொடுக்க வேண்டும். ஆறு சக்கரமும் ஒரே நேரத்தில் மண்ணைத் தொட்டால் சத்தம்கூட மெலிதாக இருக்கும். முன் சக்கரம் மட்டும் முதலில் தொட்டால் கரணம்தான். கப்பல் எங்கேயோ தூரத்தில் நிற்கிறது, வண்டியின் உடல் நலம் காட்டும் எண் மளமளவென்று சரிகிறது.

வெளிச்சத்தைப் படிப்பதும் இந்தக் கலையில் சேர்த்தி. காற்றில்லாத இடத்தில் நிழல் மையைக் கொட்டியதுபோல் கறுப்பாக விழும். சூரியன் தாழ்வாக எதிரில் இருந்தால் ஒவ்வொரு மேட்டின் நிழலும் உங்களை நோக்கி நீளும், நிலத்தைப் புத்தகம் போலப் படிக்கலாம். சூரியன் முதுகுக்குப் பின்னால் போய்விட்டால் நிழல்கள் மேடுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். குழியும் சமவெளியும் ஒரே நிறம். நிலாவில் நிஜமாகவே வண்டி ஓட்டிய அப்போலோ வீரர்களுக்கும் சூரியனை முதுகில் வைத்து ஓட்டுவது கஷ்டமாக இருந்தது. திரையில் அந்தக் கஷ்டம் எனக்கும் நேர்கிறபோது, விளையாட்டைச் செய்தவர்கள்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

மற்ற விளையாட்டுகளையும் சொல்லிவிடுகிறேன். 2007இல் வந்த ‘மாஸ் எஃபெக்ட்’டில் மாக்கோ என்ற ஆறு சக்கர வண்டி. ரப்பர் பந்துபோல் துள்ளுகிறது என்று அதைத் திட்டாதவர் இல்லை. நான் அதை விரும்புகிறேன். செங்குத்து மலையில் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து உச்சிக்குக் கொண்டுபோய் நிறுத்தும்போது ஒரு பிடிவாதத்தின் சுகம் கிடைக்கும். அந்த வரிசையில் 2017இல் வந்த ‘ஆண்ட்ரோமீடா’வின் நோமாட் இன்னும் நாகரிகமானது. சமதரைக்கு ஒரு ஓட்டம், ஏற்றத்துக்கு ஆறு சக்கரமும் இழுக்கும் இன்னொரு ஓட்டம் என்று ஒரு பொத்தானில் மாற்றலாம். பெர்த்தாம் டிரைவர் எவரும் அதைப் பார்த்தால் லோ கியர் என்றுதான் சொல்வார். ‘நோ மேன்ஸ் ஸ்கை’யின் வண்டிகள் கண்ணுக்கு அழகு, கைக்கு வெறுமை. ‘ஸ்டார்ஃபீல்ட்’ 2023இல் வண்டியே இல்லாமல் வெளிவந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கோள்களைக் கொடுத்துவிட்டு நடக்க விட்டார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில்தான் ஒரு வண்டியைச் சேர்த்தார்கள். சேர்த்த பிறகும் அந்த நிலம் சக்கரத்துக்காகச் செய்யப்பட்டதல்ல என்பது ஓட்டும்போது தெரிகிறது.

திரைக்கு முன்னால் உட்கார்ந்து வேற்று நிலத்தில் ஓட்டுவதை வெறும் பாசாங்கு என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேற்று நிலத்தில் முதலில் வண்டி ஓட்டிய மனிதர் அங்கே போகவேயில்லை. 1970 நவம்பரில் சோவியத் ஒன்றியத்தின் லுனோகோட் நிலாவில் இறங்கியபோது, அதன் டிரைவர் கிரிமியாவில் ஓர் அறையில் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பல வினாடிகளுக்கு ஒரு முறை ஒரு அசையாப் படம் வரும். அதைப் பார்த்து, வண்டி இப்போது எங்கே இருக்கும் என்று ஊகித்து, கைப்பிடியை அசைக்க வேண்டும். ஐந்து பேர் கொண்ட குழுக்கள் மாறி மாறி அப்படி ஓட்டி 10 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோயின. அடுத்த ஆண்டு அப்போலோ 15 வீரர்கள்தான் முதன்முதலாக வண்டியிலேயே ஏறி உட்கார்ந்து ஓட்டினார்கள்.

2023 ஆகஸ்ட் 23இல் சந்திரயான்-3 நிலாவில் இறங்கிய பிறகு அதன் வண்டி பிரக்யான் ஊர்ந்ததையும் நான் ஒரு டிரைவரின் கண்ணோடுதான் பார்த்தேன். திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் என்பதில் பெருமை ஒரு பக்கம். நிறை 26 கிலோ, ஆறு சக்கரம், வேகம் வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர். ஆகஸ்ட் 27 அன்று மூன்று மீட்டர் முன்னால் நான்கு மீட்டர் அகலமுள்ள ஒரு குழி தென்பட்டது. திரும்பு என்று உத்தரவு போனது, வண்டி வந்த வழியே திரும்பி வேறு பக்கம் போனது. குழியைத் தூரத்திலேயே படித்து ஒதுங்கிய அந்த நிதானம் என் மனத்தில் அப்படியே நிற்கிறது. நிலாவில் இறங்குவதற்கு முன் சோதித்துப் பார்க்க நிலா மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டது. அதற்கு நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை வட்டாரத்து அனார்த்தோசைட் பாறை பொருந்தியது. விஞ்ஞானிகள் நிலாவுக்காகத் தேடிய மண் நம்மவர்கள் செருப்பில்லாமல் நடந்த மண்.

இந்த விளையாட்டுகளில் எனக்கு இன்னும் ஒரு குறை உண்டு. எலீட்டின் கோள்களில் தரை மாறாது. நான் நூறு முறை ஒரே சரிவில் இறங்கினாலும் தடம் குழியாவதில்லை. எங்கள் பக்கம் தரை ஒருநாளும் அப்படி நின்றதில்லை. காலையில் போன தடம் மாலையில் இல்லை. 2013 அக்டோபரில் சுல்தான் அபு பக்கார் அணையின் நீர் திறக்கப்பட்டபோது சேற்று வெள்ளம் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் பாய்ந்தது. மண் நகரும், இறுகும், விழுங்கும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பூமியைக் களமாக வைத்த ‘மட்ரன்னர்’, ‘ஸ்னோரன்னர்’ விளையாட்டுகளில் இந்த ஞானம் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே சக்கரம் சேற்றைத் தோண்டும், தோண்டிய பள்ளம் அப்படியே இருக்கும், பின்னால் வருகிற வண்டி அதில் சிக்கும். அந்தச் சேற்றையும் ஸ்காரப் வண்டியின் நீண்ட பறத்தலையும் ஒரே கோளில் சேர்த்துச் செய்பவருக்காகக் காத்திருக்கிறேன். மீத்தேன் மழை பெய்யும் சனியின் துணைக்கோள் டைட்டன் போதும். ஈர்ப்பு பூமியில் ஏழில் ஒன்று, மழையில் நனைந்த நிலம், கெட்டியான காற்று. அதில் லோ கியர் போட்டு ஒரே ஒரு சரிவு இறங்கிப் பார்க்க வேண்டும்.