தொடக்கக் காட்சியும் வர்க்க உறவும்: செக்கோவின் ‘செர்ரித் தோட்டம்’ குறித்து

நாடகத்தின் தொடக்கக் காட்சியைப் பார்வையாளருக்கு வேண்டிய முன்தகவல்களை வழங்கும் வாயிலாக மட்டும் கொள்ளும் போக்கு திறனாய்விற் பரவலாகக் காணப்படுகின்றது. கதைப்பின்னலும் பாத்திரமும் ஒருங்கே கருக்கொள்ளும் இடம் அதுவே என்பதை இப்பார்வை காணத் தவறுகின்றது. 1904இல் மொஸ்கோ கலை அரங்கில் முதன்முதலாக மேடையேறிய அன்ரன் செக்கோவின் ‘செர்ரித் தோட்டம்’ இதற்குத் தக்க சான்றாகும்.

சேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ நாடகத்தில் முதற்காட்சியிலேயே நாடு பங்கிடப்படுகின்றது; பின்வரும் அழிவு அச்செயலிலிருந்தே கிளைக்கின்றது. செக்கோவின் தொடக்கத்திலோ அத்தகைய செயல் எதுவுமில்லை. விடியற்பொழுது, தாமதமாகும் புகைவண்டி, இன்னமும் குழந்தைகளின் அறை என்றே அழைக்கப்படும் ஓர் அறை. பிரபுக் குடும்பத்தைப் புகைவண்டி நிலையத்தில் வரவேற்கவென வந்த வணிகன் லொப்பாகின் அங்கு செல்லாமலே உறங்கிவிட்டான். விழித்தெழுந்தவன், சிறுவயதில் தந்தையிடம் அடிபட்டு மூக்கில் இரத்தம் வடிய நின்ற தன்னை இதே அறைக்கு அழைத்துவந்து ஆற்றிய ரனேவ்ஸ்கயா சீமாட்டியை நினைவுகூருகின்றான். ஆறுதல் கூறும்போதும் அவள் அவனைக் குடியானவச் சிறுவனாகவே விளித்தாள். அந்த விளி அவனுள் ஆழப் பதிந்துள்ளது. பண்ணையடிமை முறை 1861இற் சட்டத்தால் ஒழிந்தது. உணர்வு நிலையில் அது நீடித்தது. செல்வம் சேர்த்த பின்னரும் தன்னைக் குடியானவனென்றே கூறும் அவன், சீமாட்டிபோல் உடுத்த பணிப்பெண் துன்யாஷாவுக்குத் தன் நிலையை மறவாதிருக்குமாறு புத்தி கூறுகின்றான்.

பின்னைய நிகழ்ச்சிகள் யாவும் இம்முரண்பாட்டின் விரிவே. தந்தையும் பாட்டனும் அடிமைகளாயிருந்த பண்ணையை மூன்றாம் அங்கத்தில் ஏலத்தில் வாங்கிக் களிகூரும் லொப்பாகின், அக்களிப்பினிடையே ரனேவ்ஸ்கயாவுக்காகக் கண்ணீர் சொரிகின்றான். நான்காம் அங்கம் அதே அறைக்கு மீளுகின்றது. வரவேண்டிய வண்டிக்காகக் காத்திருந்தவன் இப்போது புறப்படவேண்டிய வண்டிக்காக நேரம் பார்க்கின்றான். அன்று நிலையத்துக்குச் செல்லத் தவறியவன், இன்று அவ்வீட்டு வளர்ப்பு மகள் வார்யாவிடம் திருமணம் பேசும் வாய்ப்பையும் தவறவிடுகின்றான். பண்ணை கைமாறியபோதும் அக்குடும்பத்தின் முன் அவன் இன்னும் அந்தச் சிறுவனே.

லொப்பாகினை எழுச்சிபெறும் பூர்ஷ்வாவின் வகைமாதிரி என ஒரு வரியிற் கூறி அமைவது முற்போக்குத் திறனாய்வாளராகிய எம்மிடையேயும் உள்ள குறைபாடாகும். அக்கூற்று பிழையன்று, ஆயினும் போதாது. வரலாறு ஒரு மனிதனுக்குள் எவ்வாறு நொண்டி நடக்கின்றது என்பதைச் செக்கோவ் முதற்காட்சியிலேயே காட்டிவிடுகின்றார். பாத்திரத்தின் வர்க்கத்தை இனங்கண்டதும் எமது பணி முடிந்துவிடுவதில்லை. அவ்வர்க்கம் அதன் பேச்சிலும் தயக்கத்திலும் உறக்கத்திலும் எவ்வாறு தொழிற்படுகின்றது என்று தொடர்ந்து வினவுதல் வேண்டும்.