ஒரு ப, பல பார்

திருவண்ணாமலையில் ஒரு நாள் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தால் போதும், ‘பார்’ என்ற சொல் எத்தனை வாயில் எத்தனை விதமாகப் பிறக்கிறது என்று தெரியும். நீதிமன்றப் பக்கம் கறுப்புக் கோட்டுக்காரர்கள் ‘பார்ல மீட்டிங்’ என்கிறார்கள். மளிகைக் கடையில் ஓர் அம்மா 501 பார் சோப்பு கேட்கிறார். சைக்கிளின் முன் பாரில் பேத்தியை உட்காரவைத்த தாத்தா, ‘காலை ஆட்டாதடி கண்ணு’ என்று சொல்லிக்கொண்டே மிதிக்கிறார். விளக்கு வைத்த பிறகு ‘பாருக்கு’ப் போகிறவர்களும் உண்டு.

எழுத்தில் எல்லாம் ஒன்றுதான். வக்கீலின் பாரில் குரல் அதிர்கிறது. ‘இங்க பாரு’ என்னும்போது அதிர்வில்லாமல் உதடு பிரிகிறது. இந்த இரண்டையும் ஒரே ‘ப’ ஒரு குறியும் கேட்காமல் சுமக்கிறது. ‘பாரில்’ என்று எழுதினால் உலகத்திலா, மதுக்கூடத்திலா என்பதைப் பக்கத்துச் சொல்தான் சொல்ல வேண்டும்.

ஆங்கிலேயரின் பார் குறுக்கே கிடக்கும் கட்டை அல்லது கம்பி. நீதிமன்றத்தில் ஆட்களை மறித்த தடுப்பு வழக்கறிஞர் கூட்டத்துக்கே பெயராயிற்று. ஊற்றுபவருக்கும் குடிப்பவருக்கும் நடுவே நின்ற நீள்மேசை கூடத்துக்கே பெயராயிற்று. நம் ஊருக்கு வந்தபோது அந்த மேசை கழன்றுவிட்டது. 2003 நவம்பரில் மதுவின் சில்லறை விற்பனையை டாஸ்மாக் ஏற்ற பிறகு, முத்திரை உடையாத பாட்டில் கம்பித் தடுப்புக்குள்ளிருந்து கைமாறுகிறது. ஒட்டியிருக்கும் கொட்டகைக்குப் பெயர் பார். கம்பி கடையிலும், கம்பியின் பெயர் கொட்டகையிலும் இருக்கின்றன.

கலந்து கொடுப்பவருக்கு அங்கே வேலையில்லை. இருப்பவர் சப்ளையர். எந்த மேசைக்குச் சுண்டல், மாங்காயில் மிளகாய்த்தூள் வேண்டாம் என்றவர் யார், ஆம்லெட் இன்னும் வராதது எங்கே என்று எல்லாம் மனக்கணக்கு. குரல் உயர்த்துகிறவரை ‘அண்ணே, உக்காருங்கண்ணே’ என்று தணிக்கும் அந்தத் தம்பியின் பக்குவத்தை நான் உண்மையாகவே மதிக்கிறேன்.

நம்முடைய பார் குறுக்கே நிற்பதில்லை, விரிகிறது. பரப்பு, பூமி. தூத்துக்குடிக் கடலுக்கடியில் முத்துச்சிப்பி வாழும் பாறைத் திட்டும் பார்தான். தோலாயிரம் பார் பேர்போனது. மாட்டுவண்டியின் நெடுஞ்சட்டமும் பார். ஆனால் என் மனம் நிற்பது செய்யாறு, போளூர் பக்கத்துக் கரும்புக் கொல்லையில். அங்கே மேடு பார், பள்ளம் சால். கரணையைச் சாலில் நடுவார்கள். பயிர் உயர உயர, பாரின் மண்ணைச் சரித்து அடித்தூருக்கு அணைப்பார்கள். கடைசி அணைப்பு முடியும்போது கரும்பு நின்ற சால் மேடேறிப் பாராகியிருக்கும். பழைய பார் தாழ்ந்து தண்ணீர் ஓடும் சாலாகியிருக்கும். ஒரே பருவத்துக்குள் நிலத்தில் இரண்டு சொற்கள் இடம் மாறிக்கொள்கின்றன. அகராதியில் இதற்கு இடமில்லை, மண்வெட்டிக்குத்தான் தெரியும்.

வினைச்சொல்லான பார் இன்னும் நுட்பம். கண்ணின் வேலையோடு அது நிற்பதில்லை. கடை பார்ப்பது, வேலை பார்ப்பது, உப்பு சரியா என்று சொட்டு விட்டுப் பார்ப்பது. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலத்துக்குச் செருப்பில்லாமல் கிளம்புகிறவரிடம் டீக்கடைக்காரர் ‘பாத்துப் போங்கம்மா’ என்கிறார். முன்பின் தெரியாதவர் மேல் இவ்வளவு அக்கறையை இரண்டு சொல்லில் வைக்க வேறெப்படி முடியும்!

கார்த்திகை தீபத்தையொட்டி மதுக்கடைகளையும் பார்களையும் மூடச் சொல்வது மாவட்ட நிர்வாகத்தின் வழக்கம். அன்று அந்தி ஆறு மணிக்கு, அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்களே வெளிவந்து காட்சி தர, 2,668 அடி மலையின் உச்சியில் கொப்பரை பற்றிக்கொள்கிறது. ‘அரோகரா’ முழக்கத்துக்கு நடுவே, தோளில் இருக்கும் குழந்தையின் முகவாயைப் பிடித்து மேலே திருப்பி ஒவ்வொரு தகப்பனும் சொல்வது அந்தச் சொல்லைத்தான்: ‘அதோ பாரு!’