250 பவுண்டு கார்: ரான் சாம்பியனின் புத்தகத்தை நம்ம ஊரிலிருந்து வாசிக்கும்போது

வீட்டில் கார் கட்டுகிறவர்கள் நடுவே 'புத்தகம்' என்று மொட்டையாகச் சொன்னாலே அது ரான் சாம்பியன் எழுதியதுதான். 1996-ல் ஹெய்ன்ஸ் வெளியிட்டது. '250 பவுண்டுக்கே உங்கள் ஸ்போர்ட்ஸ் காரை நீங்களே கட்டலாம்' என்பது தலைப்பின் பொருள். இதைப் படித்துக் கார் கட்டியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இந்த வகைக் காருக்கு 'லோகாஸ்ட்' என்று பெயரே நிலைத்துவிட்டது. நான் இதைக் கட்டுவதற்காகப் படிக்கவில்லை. இப்படி ஒரு புத்தகம் தமிழில் ஏன் வரவில்லை என்ற கேள்வியோடு படித்தேன்.

முதலில் புத்தகம் சொல்லும் வழியைப் பார்ப்போம். பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றை வாங்குகிறீர்கள். பாடி துருப்பிடித்துப் போயிருந்தாலும் பரவாயில்லை. இதற்கு 'டோனர்' வண்டி என்று பெயர், உறுப்பு தானம் செய்கிற மாதிரி. இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில், ஸ்டியரிங் எல்லாம் அதிலிருந்து வரும். முன்சக்கரத்தைத் தாங்கும் அப்ரைட் மட்டும் ஃபோர்டு கார்ட்டினாவிலிருந்து. சேசிஸை நீங்களே கட்ட வேண்டும்: ஒரு இஞ்ச் சதுர இரும்புப் பைப், ஒரு பலகை, அதில் வரைந்த கோடுகள், ஒரு வெல்டிங் மெஷின். மேலே அலுமினியத் தகடு அடித்து ரிவெட் போட வேண்டும். மூக்கும் மட்கார்டும் ஃபைபர். வந்து நிற்பது 1957-ல் வந்த லோட்டஸ் செவன் சாயலில் ஒரு இரண்டு சீட் கார்.

புத்தகத்தின் பெரிய பலம் அதன் குரல். சாம்பியன் இங்கிலாந்தின் அவுண்டில் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர், மாணவர்களை வைத்து இந்தக் காரைக் கட்டியவர். அதனால் வாசிப்பவனுக்கு ஒன்றும் தெரியாது என்று எடுத்துக்கொண்டு பேசுகிறார், ஆனால் ஒரு இடத்திலும் மட்டம் தட்டுவதில்லை. முதலில் எதை வெட்ட வேண்டும், எதைப் புள்ளி வெல்டிங் மட்டும் போட்டு வைத்துவிட்டுக் கடைசியில் முழுசாக வெல்ட் பண்ண வேண்டும் என்ற வரிசை தெளிவாக இருக்கிறது. நல்ல மென்பொருள் ஆவணம் எழுதத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று புரியும்.

குறைகளும் உண்டு. 250 பவுண்டு என்பது கிட்டத்தட்ட யாருக்கும் வாய்க்காத கணக்கு. டயர், பெயின்ட், பிரேக் சாமான் புதிதாக வாங்கினாலே அது தாண்டிவிடும். சேசிஸ் அளவுகளில் பிழைகள் இருந்தன. கட்டியவர்களே அவற்றைக் கண்டுபிடித்துத் திருத்திய வரைபடங்களைத் தங்களுக்குள் சுற்றவிட்டார்கள். இந்தப் பைப் ஏன் இந்த இடத்தில் வருகிறது, எடுத்தால் என்ன ஆகும் என்ற விளக்கம் குறைவு. 'எப்படி' நிறைய, 'ஏன்' கொஞ்சம்.

ஆனால் என் முக்கியமான விமர்சனம் வேறு. இந்தப் புத்தகம் தன்னைத் தாங்கி நிற்கிற ஒன்றைப் பற்றிப் பேசுவதே இல்லை. மீனுக்குத் தண்ணீர் தெரியாத மாதிரி.

அந்தத் தண்ணீர் என்ன? லோட்டஸை ஆரம்பித்த காலின் சாப்மன் 1948-ல் கட்டிய முதல் காரே பழைய ஆஸ்டின் செவனை உடைத்துச் செய்ததுதான். ஜான் ஹெய்ன்ஸ் பள்ளிப் பையனாக இருக்கும்போது அதே ஆஸ்டின் செவனில் ஒரு கார் கட்டினார். அதைப் பற்றி 1956-ல் ஒரு சிறு நூல் போட்டார். 250 பிரதிகளும் பத்து நாளில் தீர்ந்தன. ஹெய்ன்ஸ் பதிப்பகத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. லோட்டஸ் செவன் உதிரியாகவும் விற்கப்பட்டது, ஏனென்றால் முழுக் காருக்கு இருந்த கொள்முதல் வரி கிட்டுக்குக் கிடையாது. சாம்பியன் எழுத உட்காரும்போது ஐம்பது வருஷம் போட்டு வைத்த பாதை ஒன்று அவர் முன்னால் இருந்தது.

சட்டமும் கூடவே வந்தது. 1998-ல் பிரிட்டன் தனியாள் கட்டிய கார்களுக்கு ஒற்றை வாகனச் சோதனை கொண்டுவந்தது. 2009-ல் அதைவிடக் கறாரான சோதனை வந்தது. பரிசோதகர் வந்து நிற்கும் காரைப் பார்க்கிறார்: பிரேக் பிடிக்கிறதா, சீட் பெல்ட் மாட்டிய இடம் தாங்குமா, கூரான விளிம்பு இருக்கிறதா, புகை எவ்வளவு. தேறினால் நம்பர் கிடைக்கும். எந்த வண்டியின் பாகம் எது என்று தெளிவாகச் சொல்ல முடியாவிட்டால் 'க்யூ' என்று ஆரம்பிக்கும் நம்பர். அங்கே கேள்வி 'இந்தக் கார் ஒழுங்காக இருக்கிறதா' என்பது.

நம்ம ஊரில் கேள்வி 'இது எந்தக் கம்பெனி' என்பது. மத்திய மோட்டார் வாகன விதி 126-ன்படி தயாரிப்பாளர் தன் மாதிரி வண்டியைப் புனேயின் ஏஆர்ஏஐ போன்ற நிலையங்களில் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்கப்போகிறவர்களுக்கு அது சரி. ஒரே ஒரு கார் கட்டுகிற ஆளுக்கு அது மலை. இருக்கிற வண்டியை மாற்றலாம் என்றால், 1988 சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் உறுதி செய்தது.

இவ்வளவுக்கும் இங்கே கைவேலைக்குப் பஞ்சமில்லை. சாமானுக்குச் சென்னை புதுப்பேட்டை இருக்கிறது. எஸ்கார்ட்டுக்குப் பதில் மாருதி ஆம்னி: 796 சிசி இன்ஜின், பின்சக்கர ஓட்டம், திடமான பின் ஆக்சில். சாம்பியன் கேட்பது கிட்டத்தட்ட அதேதான். மாருதி 800-ல் இன்ஜின் அதே குடும்பம் என்றாலும் முன்சக்கர ஓட்டம், அது இதற்கு ஒத்துவராது. கீரிப்பாறை ரப்பர் தோட்டப் பக்கம் ஏறி இறங்குகிற பழைய ஜீப்புகளைப் பாருங்கள். கம்பெனி மாட்டி அனுப்பிய பாகம் பாதிகூட மிச்சமிருக்காது. பட்டறையில் வெட்டி ஒட்டி, லேத்தில் கடைந்து ஓட்டுகிறார்கள். சேசிஸ் நம்பர் ஒன்று இருக்கிறது, அதனால் சட்டத்துக்கு அது அதே பழைய ஜீப்.

சேசிஸ் நம்பர் இல்லாதவனுக்கு என்ன நடக்கும்? மகாராஷ்டிரத்தில் சாங்கிலி மாவட்டத்துத் தத்தாத்ரேய லோஹார் பழைய பாகங்களை வைத்து, சுமார் 60,000 ரூபாயில், கிக்கர் அடித்து ஸ்டார்ட் செய்கிற ஒரு குட்டி ஜீப் கட்டினார். 2021 டிசம்பரில் ஆனந்த் மஹிந்திரா அதைப் பாராட்டினார். விதிக்கு ஒவ்வாததால் அதிகாரிகள் என்றைக்காவது நிறுத்திவிடுவார்கள் என்றும், பதிலாக ஒரு பொலேரோ தருவதாகவும் சொன்னார். அடுத்த மாதம் பொலேரோ லோஹார் வீட்டுக்குப் போனது. அவர் கட்டிய வண்டி மஹிந்திராவின் ஆராய்ச்சி மையத்துச் சேகரிப்புக்குப் போனது.

எல்லோரும் கைதட்டிய கதை இது. கொடுத்தவர் மனசில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கட்டியவருக்குக் கிடைத்தது வேறொருவர் கட்டிய கார். அவருடைய வண்டிக்குக் கிடைத்தது காட்சிப் பொருள் என்ற பெயர். பிரேக்கைச் சோதித்துப் பார்த்து 'இதை மாற்று, அதைச் சரிசெய், திரும்பக் கொண்டுவா' என்று சொல்ல அவருக்கு ஓர் அலுவலகம் இல்லை. பாராட்டு அந்த அலுவலகத்துக்கு ஈடாகாது.

இதன் இன்னொரு முகம் சென்னையின் மீன்பாடி வண்டி. மூன்று சக்கர மிதிவண்டியில் பழைய டூவீலர் இன்ஜின். இதுவும் டோனர் வண்டிதான். பதிவு இல்லை, இன்சூரன்ஸ் இல்லை. வடக்கே இதேபோல் 'ஜுகாட்' உண்டு. அதுவும் மோட்டார் வாகனமே, பதிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் சொன்னது. சரியான தீர்ப்பு. ஆனால் எந்தக் கவுண்டரில் போய்ப் பதிவு செய்வது? வழி இல்லாத இடத்தில் தடை போட்டால் வண்டி நிற்பதில்லை, சோதனைக்கு வராமல் ஓடுகிறது. அது மோதினால் அடிபட்டவருக்கு இழப்பீடு தர ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியும் இருக்காது.

பாதுகாப்பு முக்கியமில்லையா என்று கேட்பீர்கள். ரொம்ப முக்கியம். சஸ்பென்ஷன் பிராக்கெட்டில் ஒரு வெல்டிங் விட்டால் சாகப்போவது கட்டியவர் மட்டுமல்ல, எதிரே ஸ்கூட்டரில் வருகிறவரும்தான். அதனால்தான் சோதனை வேண்டும் என்கிறேன்.

நம் சட்டத்துக்கு இந்த ஏற்பாடு அந்நியமும் இல்லை. கம்பெனி வெறும் சேசிஸ் கொடுக்கும், கரூர் பட்டறைகள் அதன்மேல் பஸ் கட்டும். அரசு அந்தத் தொழிலை மூடவில்லை. பஸ் பாடிக்கென்று தனி விதித்தொகுப்பு எழுதி, பட்டறைகளை அதற்குள் கொண்டுவந்தது. மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியை மாற்றியமைக்கவும் 52-ஆம் பிரிவே இடம் தருகிறது. ஆக, கதவு வைக்கத் தெரியாதவர்கள் அல்ல நாம். தனியாள் கட்டும் காருக்கு இன்னும் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதில் நஷ்டம் யாருக்கு? பாஜா போட்டிக்கும், கோவை காரி ஓடுதளத்தில் நடக்கும் ஃபார்முலா பாரத்துக்கும் கல்லூரிப் பையன்களும் பெண்களும் வருஷாவருஷம் வண்டி கட்டுகிறார்கள். வெல்டிங், சஸ்பென்ஷன் கணக்கு, பிரேக் சோதனை எல்லாம் தேறித்தான் போட்டியில் ஓட்டவே விடுவார்கள். போட்டி முடிந்ததும் வண்டி கல்லூரி ஷெட்டுக்குப் போகிறது, கட்டியவர்கள் என்னைப் போல ஐடி வேலைக்குப் போகிறார்கள்.

சாம்பியன் புத்தகத்தை ஆம்னிக்கு ஏற்பத் தமிழில் எழுத இன்றைக்கும் ஆள் இருக்கிறது. பைப் அளவு, இன்ஜின் மவுன்ட், பிரேக் லைன் வரை எல்லா அத்தியாயமும் எழுதலாம். கடைசி அத்தியாயம், 'நம்பர் வாங்குவது எப்படி', மட்டும் காலியாக இருக்கும். அதை எழுத வேண்டியது சாலைப் போக்குவரத்து அமைச்சகம்.