முசாபிர் பறவைகளும் கண்ணாடி மண்டபமும்

இஸ்தான்பூல் நகரின் உஸ்குதார் பகுதியில் 1710ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற யெனி வாலிதே பள்ளிவாசலைக் காணச் செல்வோர் அதன் குவிமாடத்தையும் மினாராக்களையும் வியந்து திரும்புவர். பூனையும் சிறுவர் கைகளும் எட்டாத உயரத்தில், சுவரோடு சேர்த்துச் செதுக்கப்பட்ட சின்னஞ்சிறு கல் மாளிகைகளைச் சிலரே காண்பர். அவை குருவிகளுக்கென அமைந்தவை. பள்ளிவாசல், மதரஸா, நூலகம் எனப் பல கட்டடங்களின் சுவர்களில் உதுமானியக் கல்தச்சர்கள் இத்தகைய பறவை இல்லங்களை வைத்தனர்.

இவற்றைப் பற்றி எழுதுவோர் பெருமிதத்தோடு நிறுத்திக்கொள்வதே வழக்கம். நமக்கு அதில் முழு உடன்பாடில்லை. குருவியும் புறாவும் மனிதனை ஒட்டி வாழப் பழகியவை. அண்டை வீட்டாரைப் போன்றவை. ஊரைக் கடந்து செல்லும் முசாபிருக்கு அந்த மாடத்தால் என்ன பயன்? போஸ்பரஸ் நீரிணையின் மேலே ஆண்டுதோறும் நாரைகளும் கழுகுகளும் கூட்டங்கூட்டமாய்ச் செல்கின்றன. அவை கேட்பது தடையற்ற வழி ஒன்றையே. கல்லால் ஆன பழைய நகரம் அவ்வழியை மறிக்கவில்லை. ஆகவே தச்சருக்கு அதுபற்றிய கவலையும் எழவில்லை. கண்ணாடிச் சுவர்கள் வந்த பின்னரே அக்கவலை பிறந்தது. அமெரிக்காவின் சிகாகோ நகரம் அதற்குச் சாட்சி.

அங்கே மிச்சிகன் ஏரிக்கரையில் மக்கார்மிக் பிளேஸ் என்னும் கண்காட்சி மண்டபம் 1971இல் திறக்கப்பட்டது. ஜீன் சம்மர்ஸ் வடிவமைத்த அது, எஃகும் கண்ணாடியுமாய் நிற்கும் கம்பீரமான கட்டடம். அழகை நாம் மறுக்கவில்லை. ஆனால் 2023 அக்டோபர் 5ஆம் நாள் மட்டும் அக்கண்ணாடியில் மோதி இறந்த பறவைகள் ஏறத்தாழ ஆயிரம். அவற்றுள் பத்துக் கிராம் எடையே உள்ள சிறு பாடும் குருவிகள் பல. இரவில் வலசை போகும் அவற்றை விளக்கொளி ஈர்க்கிறது. கண்ணாடியில் தெரியும் வானத்தை மெய்யென நம்பிப் பாய்கின்றன.

இது திடீரென நேர்ந்த விபத்தும் அன்று. அருகிலுள்ள ஃபீல்டு அருங்காட்சியகத்தார் 1978 முதலே அங்கு விழும் பறவைகளைப் பொறுக்கிக் கணக்கெடுத்து வந்தனர். ஒளிவிடும் சாளரங்களை முன்பு பதிவான மிகக் குறைந்த அளவுக்குக் குறைத்தால் சாவு 60 சதவீத அளவு குறையும் என்று 2021இல் ஆய்வாளர் எழுதினர். 2024 கோடையில்தான் சிறு புள்ளிகள் பதித்த மெல்லிய படலம் கண்ணாடியில் ஒட்டப்பட்டது. அந்த இலையுதிர் காலத்திலேயே சாவு ஏறத்தாழ 95 சதவீதம் குறைந்தது. (வெறும் புள்ளிகள்! இதற்கு ஐம்பது ஆண்டுகள் பிடித்தன.)

கட்டடக் கலை விமரிசகர்களிடம் நமக்குள்ள குறை இதுதான். தூண், கூரை, ஒளி, நிழல் என்று பக்கம் பக்கமாய் எழுதும் அவர்கள், சுவரடியில் காலைதோறும் என்ன கிடக்கிறது என்று குனிந்து பார்ப்பதில்லை. பார்த்திருந்தால் அந்த மண்டபத்தைக் குறையுள்ள படைப்பு என்றே எழுதியிருப்பர்.

நியூயார்க்கில் 2021 முதல் நடைமுறையிலுள்ள சட்டம், புதிய கட்டடங்களின் முதல் 75 அடி உயரத்துக்குப் பறவைகள் கண்டு விலகக்கூடிய பொருள்களைக் கட்டாயமாக்கியுள்ளது. ஏற்கெனவே எழுந்து நிற்கும் கண்ணாடிக் கோபுரங்களை, அவற்றின் கண்ணாடியை மாற்றிப் புதுப்பிக்கும் நாள் வரை, அச்சட்டம் தொடுவதில்லை.