1500 வாட்ஸும் ஒரு வெள்ளைப் பல்சக்கரமும்: ஸ்டாண்ட் மிக்சர் விமர்சனங்கள் பற்றி ஒரு விமர்சனம்

அரியலூரில் இருக்கும் அக்கா வாரத்துக்கு மூன்று நாள் பன்னும் பிரெட்டும் போடுவாள். நடுவில் ஆர்டர் வந்தால் கேக். ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரியை அள்ளிப் போட்டு அவள் செய்யும் கேக்குக்கென்றே சிலர் உண்டு. போன வருஷம் குழுவில் கடன் எடுத்து ஒரு ஸ்டாண்ட் மிக்சர் வாங்கினாள். பெட்டியில் 1500 வாட்ஸ், 7 லிட்டர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஏழாவது மாதம், மாவு பிசையும்போது உள்ளே கறகறவென்று சத்தம். மோட்டார் சுத்துது, கொக்கி சுத்தலை. திருச்சி வரை தூக்கிக்கொண்டு போனோம். அந்த மாடலுக்கு ஸ்பேர் வருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். கடனில் ஐந்து தவணை பாக்கி.

கடைசியில் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மிக்சி ரிப்பேர் பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் கொடுத்தேன். பிரித்துப் பார்த்துவிட்டு சிரித்தார். "மோட்டார் புதுசு மாதிரி இருக்கு தம்பி. பல்லுதான் போச்சு." உள்ளே பல்லெல்லாம் வழித்தெடுத்த மாதிரி ஒரு வெள்ளை பிளாஸ்டிக் சக்கரம். "காயில் எரிஞ்சிருந்தா நானே கட்டிக் குடுத்திருவேன். இந்தச் சக்கரத்துக்கு நான் எங்க போவேன்?"

அதற்குப் பிறகு ஒரு மாதம் ஸ்டாண்ட் மிக்சர் பற்றிய விமர்சனங்களைத் தேடித் தேடிப் படித்தேன், வீடியோக்கள் பார்த்தேன். அப்போது எடுத்த குறிப்புகள்தான் இவை. என் குறை அந்த மிக்சர் மேல் மட்டும் இல்லை. அதை எடைபோடச் சொல்லிக்கொடுத்த விமர்சனங்கள் மேல்தான் அதிகம்.

முதலில் வாட்ஸ். ஏறக்குறைய எல்லா விமர்சனமும் இதில்தான் ஆரம்பிக்கிறது: வாட்ஸ் கூடினால் பலம் கூடும் என்று. தமிழ்நாட்டில் இட்லி மாவு ஆட்டுகிற யாரும் இதை நம்பக் கூடாது. நம் வீட்டு இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டரில் இருப்பது பெரும்பாலும் 150 வாட்ஸ் மோட்டார். கல்லையும் உளுந்தையும் சேர்த்து முக்கால் மணி நேரம் நிறுத்தாமல் சுற்றும். பக்கத்திலேயே இருக்கும் மிக்சி 750 வாட்ஸ். அதை ஐந்து நிமிஷம் ஓட்டிவிட்டு இரண்டு நிமிஷம் ஓய்வு கொடு என்று அதன் கையேடே சொல்லும். ஏன்? வாட்ஸ் என்பது மோட்டார் கரண்டை எவ்வளவு இழுக்கிறது என்ற கணக்கு. மாவுக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்பது வேறு கணக்கு. மிக்சியிலும் பல ஸ்டாண்ட் மிக்சர்களிலும் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த, நிமிஷத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும் சின்ன மோட்டார். மாவு பிசையவோ நிமிஷத்துக்கு நூறு சுற்றின் பக்கத்தில் இருந்தால் போதும். அவ்வளவு வேகத்தை இவ்வளவாகக் குறைக்கும் பாரம் முழுக்கப் பல்சக்கரங்கள் மேல் விழுகிறது. அக்கா வீட்டில் 1500 வாட்ஸும் அந்த வெள்ளைச் சக்கரத்தைத்தான் தின்றது. உலகமே பாராட்டும் கிச்சன்எய்டின் சாய்தலை மாடலில் 300 வாட்ஸ்தான் போட்டிருக்கிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இது வெளியிலிருந்து வந்த பொருள் என்பதும் கவனிக்க வேண்டியது. 1908 வாக்கில் அமெரிக்காவின் ஹோபார்ட் கம்பெனிப் பொறியாளர் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன், பேக்கரிக்காரர் ஒருவர் கரண்டியால் மாவு கலக்கத் திணறுவதைப் பார்த்துத்தான் இந்த வேலையைத் தொடங்கினார். முதலில் வந்தவை பேக்கரிக்கான பெரிய மெஷின்கள். வீட்டுக்கான கிச்சன்எய்ட் 1919-ல் வந்தது. அதுவே 30 கிலோ எடை. பேக்கரி மெஷினைச் சுருக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று மலிவு விலையில் கிடைப்பவற்றில் பல, முட்டை அடிக்கும் பீட்டரை ஊதிப் பெருக்கி, கொக்கி ஒன்றை மாட்டிவிட்டவை. வெளியில் இரண்டும் ஒரே சாயல்.

இந்தக் கதை நமக்குப் புதுசும் இல்லை. வீட்டிலிருந்த வெளிநாட்டு மிக்சர் நம்மூர் அரைவைக்குத் தாங்காமல் போனதால்தான் சத்ய பிரகாஷ் மாதுர் என்ற பொறியாளர் 1963-ல் சுமீத் மிக்சியைக் கொண்டுவந்தார். மஞ்சளும் ஊறவைத்த அரிசியும் எவ்வளவு பாரம் என்று கணக்குப் போட்டு மோட்டாரைச் செய்தார். மாவு பிசையும் மிக்சருக்கு அந்தக் கணக்கை நாம் இன்னும் கேட்கவே ஆரம்பிக்கவில்லை.

அடுத்து லிட்டர். 7 லிட்டர் என்பது பாத்திரத்தில் விளிம்பு வரை எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்ற அளவு. ஒரு கிலோ மைதாவுக்கு 600 மில்லி தண்ணீர் விட்டால் 1.6 கிலோ மாவு வரும். 7 லிட்டர் பாத்திரத்தில் அது அடியில்தான் கிடக்கும். பாத்திரம் தாங்கும், பல்சக்கரம் தாங்குமா? கேட்க வேண்டிய இரண்டு எண்கள்: ஒரு தடவைக்கு அதிகபட்சம் எத்தனை கிராம் மாவு, ஒரே மூச்சில் எத்தனை நிமிஷம். கையேட்டில் பொடி எழுத்தில் இருக்கும். நான் பார்த்த விமர்சனங்களில் ஒன்றுகூட இதை வாசித்துக் காட்டவில்லை. எல்லோரும் கிரீம் அடித்துக் காட்டினார்கள். சப்பாத்தி மாவு போட்டுப் பத்து நிமிஷம் ஓட்டியவர் யாருமில்லை. தண்ணீர் குறைந்த கோதுமை மாவுதான் நம் வீடுகளில் இந்த மெஷினுக்கு வரும் உண்மையான பரீட்சை.

மூன்றாவது வாரண்டி. "மோட்டாருக்கு 5 வருஷம்" என்று போட்டால் மயங்கிவிடுகிறோம். அண்ணன் கடையில் பார்த்த மாதிரி முதலில் போவது மோட்டார் இல்லை. அதோடு, வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று ஒரு வரியும் அதில் பெரும்பாலும் இருக்கும். விற்பதற்காகச் செய்கிறவர்களுக்கு அந்த வரி முக்கியம். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவருவதாகச் சொன்னால் இன்னும் யோசியுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. தனியாக டிரான்ஸ்பார்மர் வேண்டும்.

பிளாஸ்டிக் சக்கரம் என்றாலே மட்டம் என்றும் சொல்ல மாட்டேன். நல்ல மிக்சர்கள் சிலவற்றிலேயே ஒரு சக்கரத்தை வேண்டுமென்றே மென்மையாக வைப்பார்கள். பாரம் மிஞ்சினால் அது உடைந்து மோட்டாரைக் காப்பாற்றும், ஃபியூஸ் மாதிரி. ஆனால் ஃபியூஸ் கம்பி கடையில் கிடைக்க வேண்டுமே! கிடைத்தால் அது பாதுகாப்பு. கிடைக்காவிட்டால் மொத்த மெஷினும் குப்பை. உழைப்பு என்பது பாதி மெஷினுக்குள் இருக்கிறது, பாதி நம்மூர் ரிப்பேர் கடையில் இருக்கிறது. 2011-ல் தொடங்கி அரசு கொடுத்த விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் இன்னும் பல வீடுகளில் ஓடுவதற்கு, அதைப் பிரிக்கத் தெரிந்தவர் பக்கத்திலேயே இருப்பதும் ஒரு காரணம். விலை உயர்ந்த மிக்சருக்கும் இதே விதிதான்.

"அடிக்கடி பேக்கிங்" என்றால் எவ்வளவு என்றும் ஒரு கணக்குப் போட்டேன். வாரம் மூன்று முறை, முறைக்கு 12 நிமிஷம்: வருஷத்துக்குச் சுமார் 31 மணி நேரம். வாரம் இரண்டு முறை 40 நிமிஷம் ஓடும் கிரைண்டர்: 69 மணி நேரம். இரண்டு மடங்குக்கு மேல் உழைக்கும் கிரைண்டர் பத்து வருஷம் தாண்டினால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. மிக்சர் ஏழு மாதம் வந்தால் போதும் என்று ஏன் ஒத்துக்கொள்கிறோம்?

என் முடிவுகள் இவ்வளவுதான். கேக் மட்டும் என்றால் ஸ்டாண்ட் மிக்சர் வேண்டாம். ஒரு நல்ல கையடக்க பீட்டர் போதும். வீட்டுக்கு மட்டும் பிரெட் என்றால், கிரைண்டருக்கு வரும் மாவு பிசையும் பாகத்தை முதலில் பயன்படுத்திப் பாருங்கள். முட்டை நுரைக்காது, ஆனால் மாவு பிசையும். விற்பனைக்கு வாரத்தில் பல நாள் பிரெட் என்றால், பேக்கரி உபகரணக் கடையில் இருக்கும் சின்ன பிளானட்டரி மிக்சரைப் போய்ப் பாருங்கள். அழகில்லை, கனம், சத்தம். ஆனால் அந்த வேலைக்கென்றே செய்தது. எதை வாங்கினாலும் பணம் கொடுக்கும் முன் பல்சக்கரம் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

இருப்பதைக் காப்பாற்றவும் வழி உண்டு. மாவையும் தண்ணீரையும் கலந்து அரை மணி நேரம் மூடி வைத்தால் பிசையும் நேரம் நன்றாகக் குறையும். வேகத்தைக் கூட்டாதீர்கள். நம்மூர் சித்திரை வெயிலில் ஐஸ் தண்ணீர் விடுங்கள், உராய்வில் மாவு சூடேறாமல் இருக்கும்.

அக்கா இப்போது கிரைண்டரில் பிசைகிறாள், பீட்டரில் கேக் அடிக்கிறாள். நேரம் கூடுதலாகத்தான் ஆகிறது. அந்த வெள்ளைச் சக்கரம் அண்ணன் கடைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது, எங்காவது ஜோடி கிடைக்குமா என்று. கடைசித் தவணை ஆவணியில் முடியும். "அடுத்தது எது வாங்கினாலும் அந்த அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான்டா" என்று சொல்லியிருக்கிறாள்.